வழிமொழிய ஆளில்லாத கூட்டம்

என் பாண்டியம்மா மதினிக்கு,

மேரிதான் எழுதுகிறேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, பால் தூக்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பொழுது சாய்கிற இந்த நேரத்தில் என் வீட்டுக்கு வருகிற ஒரே ஆள் நீதான். "செத்த நேரம் இருந்துட்டுப் போறேன்" என்று வந்து உட்கார்ந்தால், உன் வீட்டிலிருந்து ஆள் தேடி வரும்வரை எழுந்திருக்க மாட்டாய். இப்போது அந்த நேரம் எனக்கு அப்படியே மிச்சமாகக் கிடக்கிறது. அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல்தான் பேனாவை எடுத்தேன்.

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. எதிர்த்த தெருவில் இருப்பவளுக்கு என்ன கடிதம் வேண்டிக் கிடக்கிறது? ஒரு குரல் கொடுத்தால் போதும். இப்போது எவ்வளவு கத்தினாலும் கேட்காத இடத்தில் இருக்கிறாய். எழுதித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

நீ போய் வருசம் திரும்பப் போகிறது. திதிக்கு ஆக வேண்டியதை உன் மகன் பார்க்கிறான். கல்லறைத் திருநாளுக்கு எங்கள் ஆட்கள் பூவும் மெழுகுவர்த்தியுமாகப் போனார்கள். நானும் போய் என் மாமியாருக்கு ஏற்றி வைத்துவிட்டு, கையில் ஒன்றை மிச்சம் வைத்திருந்தேன். உனக்கு வாங்கியது. உன்னை ஓடைக்கரையில் வைத்து எரித்துவிட்டார்கள், அங்கே இப்போது கருவேலம் முளைத்துக் கிடக்கிறது. எங்கே கொண்டுபோய் ஏற்றுவது, சொல். திரும்பக் கொண்டுவந்து அடுப்படி மாடத்தில் வைத்திருக்கிறேன். கரண்ட் போனால்கூட அதை எடுக்க மனசு வரவில்லை.

மற்றபடி ஊர் அப்படியே இருக்கிறது. என் செவலை கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. நீ வயிற்றைத் தடவிப் பார்த்துக் காளை என்றாய், உன் கணிப்பு தப்பிவிட்டது. நேரில் இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு மாதம் உன்னைக் கேலி செய்திருப்பேன். மல்லிகை இந்தப் பனியில் சரியாக இல்லை. ஆனாலும் விடிவதற்கு முன்பே நிலக்கோட்டைப் பூ மார்க்கெட் வண்டி வந்து ஆரன் அடிக்கிறது. என் வீட்டுக்காரர் வழக்கம்போல விடியக் கிளம்பித் திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற ஷாப்புக்கு வேலைக்குப் போகிறார், அலுத்துப்போய் வந்து சாப்பிட்டுப் படுக்கிறார். மகள் திருப்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறாள். யாரும் என்னைக் கைவிட்டுவிடவில்லை, மதினி. இருந்தாலும் பேச ஆளில்லை.

இனிமேல் நான் சொல்லப்போவது பாதி உனக்குத் தெரிந்த கதை. பொறுத்துக்கொள். நம் பக்கத்து ஆட்கள் நாலு பேர் இதைப் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஒட்டுக் கேட்கிறவர்களுக்குப் புரிய வேண்டுமில்லையா?

நாம் இரண்டு பேரும் நம் ஊர்ப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் இயக்குநர்களாக இருந்தோம். ஆசைப்பட்டுப் போன பதவி இல்லை. கூட்டுறவுச் சங்கங்களை அரசாங்கம் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாது, ஐந்து வருசத்துக்கு ஒரு தடவை தேர்தல் நடத்தியாக வேண்டும், நிர்வாகக் குழுவில் பெண்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று டெல்லியில் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். அதை ஒட்டி நம் மாநிலச் சட்டத்தையும் மாற்றினார்கள். அந்தத் திருத்தம் நம் ஊருக்கு வந்து சேர்ந்த விதம்தான் வேடிக்கை. சங்கத்துப் பெரிய மனிதர்கள் இரண்டு பேர் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் வந்தார்கள். அப்போது உன் வீட்டுக்காரர், ஊர் முறையில் எனக்கு அண்ணன், உயிரோடு இருந்தார். வந்தவர்கள் நம்மிடம் பேசவில்லை. வீட்டு ஆம்பளைகளிடம்தான் பேசினார்கள்.

"பொம்பளைக சீட்டுக்கு ரெண்டு பேரு வேணும். உங்க வீட்ல பேரக் குடுங்க. அவுக வரவே வேண்டியதில்ல, புத்தகம் வீட்டுக்கே வந்துரும், கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

அதுதான் அப்போது நம் பக்கத்துப் பழக்கம். கூட்டம் ஆம்பளைகள் நடத்துவார்கள். முடிந்த பிறகு தீர்மானப் புத்தகத்தைத் துணிப்பையில் போட்டுச் சங்கத்து ஆள் ஒருவர் வீடு வீடாகக் கொண்டுவருவார். பெண் இயக்குநர் அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டு, அவர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். நானும் அப்படித்தான் இருந்திருப்பேன், சந்தேகமே இல்லை. புத்தகம் முதலில் என் வீட்டுக்கு வந்திருந்தால் போட்டுத்தான் கொடுத்திருப்பேன்.

நல்ல வேளை, உன் வீட்டுக்கு வந்தது. நீ தீவனம் கலக்கிக்கொண்டிருந்தாயாம். கூட்டம் எங்கே நடக்கிறதோ அங்கேயே வந்து போடுகிறேன், சாணிக் கையோடு எதற்கு என்று திருப்பி அனுப்பிவிட்டாய். அடுத்த கூட்டத்தன்று என் வாசலில் வந்து நின்றாய். அதுவரை நமக்குள் பெரிய பேச்சுகூடக் கிடையாது. "கெளம்பு மேரி" என்று மட்டும்தான் சொன்னாய். சேலையை மாற்றிக்கொண்டு உன் பின்னால் வந்தேன்.

போனால் உட்கார நாற்காலி இல்லை. நாம் வருவோம் என்று யாரும் கணக்கிட்டுப் போடவில்லை. எல்லாரும் நம்மைப் பார்த்தார்கள், யாரும் எழுந்திருக்கவில்லை. மூலையில் மாட்டுத் தீவன மூட்டைகள் அடுக்கியிருந்தன. நீ ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல கெட்டி மூட்டைதேன், உக்காரு" என்று சொல்லி ஏறி உட்கார்ந்துகொண்டாய். நான் உனக்கு வலது பக்கம், நீ எனக்கு இடது பக்கம். பிறகு நாற்காலி வந்தது, இடம் மட்டும் மாறவே இல்லை.

அன்றைக்கே நான் வாயைத் திறந்ததுதான் அதிசயம். அப்போது சங்கத்தில் காலைப் பால் மட்டும்தான் எடுத்தார்கள். பூ எடுக்கப் போகிற பெண்கள் விடியக்காலையில் தோட்டத்தில் இருப்பார்கள், அவர்களால் காலையில் வந்து ஊற்ற முடியாது. சாயங்காலக் கறவை முழுவதும் தனியார் வண்டிக்குத்தான் போகும், அவன் வைத்ததுதான் விலை. சாயங்காலமும் பால் எடுக்க வேண்டும் என்று குரல் நடுங்கச் சொல்லி முடித்தேன். செயலாளர் ராமராஜ், இன்றைக்கும் அவன்தான், அப்போது சின்ன வயசு, தலையை நிமிர்த்தி வழிமொழிகிறவர் யார் என்று கேட்டான். ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஆமோதித்தால்தான் அது தீர்மானமாகும். ஆம்பளைகள் எல்லாரும் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தார்கள்.

"அவ சொல்றது எனக்குச் சரின்னு படுது" என்றாய் நீ.

"அப்ப வழிமொழியிறீகளாக்கா?"

"அதுக்குப் பேரு அதுன்னா, அதுதேன்."

அன்றிலிருந்து அப்படியே ஆகிவிட்டது. இரண்டு பதவிக்காலம் இருந்தோம். நான் முன்மொழிந்த எதையும் வேறு யாரும் வழிமொழிந்ததில்லை. நான் சொல்லி வாயை மூடுவதற்குள் உன் கை மேலே இருக்கும். சில சமயம் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரிவதற்கு முன்பே தூக்கிவிடுவாய். ராமராஜும் பழகிப்போய், நிமிர்ந்து பார்க்காமலே இரண்டு பெயரையும் சேர்த்து எழுதிவிடுவான்.

அதற்காக நான் சொன்னதெல்லாம் உனக்குப் பிடித்தது என்று அர்த்தமில்லை. பால் ஊற்றக் காத்திருப்பவர்கள் பார்க்கட்டும் என்று ஒரு டிவி வாங்கி வைக்கச் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? கையைத் தூக்கி வழிமொழிந்துவிட்டு, வெளியே வந்ததும் ஆரம்பித்தாய். வீடு வரைக்கும் ஏச்சு. புண்ணாக்கு வாங்கவே வழியைக் காணோம், இவளுக்கு டிவி கேட்கிறது என்றாய். அப்படியென்றால் ஏன் கை தூக்கினாய் என்று நானும் கோபமாகக் கேட்டேன்.

"உள்ள வச்சு உன்னைய விட்டுக்குடுக்க மாட்டேன். வெளிய வந்தா விடவும் மாட்டேன்."

என்னை யாரும் ஏசிக்கொண்டே வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவதில்லை, மதினி. எனக்கு அது வேண்டியிருக்கிறது.

திண்டுக்கல்லில் நமக்குப் பயிற்சி வைத்தார்களே, அதுவும் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. டவுன் பஸ்ஸில் போய் இறங்கி, மலைக்கோட்டையைப் பார்த்தபடியே நடப்போம். வகுப்பெடுத்த அதிகாரி, கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்துகொள்வது இனி உங்கள் அடிப்படை உரிமை, அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள் என்றார். நீ குறித்துக்கொள்ளச் சொல்லி என் முழங்கையை இடித்தாய். உனக்கிருந்த ஒரே மனக்குறை, பயிற்சியை எப்போதும் வெள்ளிக்கிழமையில் வைத்தது. வெள்ளிக்கிழமை நீ கவிச்சி தொட மாட்டாய். பிரியாணிக் கடை வாசனை முகத்தில் அடிக்க, தயிர்ச் சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு, வேண்டுமென்றேதான் இந்தக் கிழமையில் வைக்கிறார்கள் என்று திட்டுவாய். நானும் உனக்காகத் தயிர்ச் சாதம்தான் தின்றேன். போன மாதம் ஒரு வேலையாகத் தனியே போனபோது, செவ்வாய்க்கிழமைதான், கடைக்குள் போய் உட்கார்ந்தேன். பாதி இலையில் எழுந்துவிட்டேன்.

அப்புறம் அந்தத் தீர்ப்பு வந்தது. கூட்டுறவு என்பது மாநிலத்தின் அதிகாரம், அதில் கை வைக்கிற திருத்தத்துக்குப் பாதி மாநிலங்களாவது சம்மதம் கொடுத்திருக்க வேண்டும், அதைக் கேட்காமல் செய்ததால் மாநிலத்துச் சங்கங்களை அது கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள். உனக்கு வாசித்துக் காட்டினேன். அப்படியென்றால் நாம் உட்கார்ந்திருப்பது செல்லாதா என்று பதறினாய். நம்முடையது மாநிலச் சட்டத்திலும் இருக்கிறது, செல்லும் என்றேன். நீ சிரித்தாய்.

"நாட்டுக்கே சட்டம் போடுறவுக. வழிமொழிய ஆள் பாக்கத் தெரியலயே, மேரி."

அந்தச் சிரிப்பை நினைவில் வைத்துக்கொள். பின்னால் வருகிறேன்.

நம் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் வரவில்லை. சங்கத்தைப் பார்த்துக்கொள்ளத் தனி அலுவலரைப் போட்டார்கள். தலைவரும் இல்லை, இயக்குநர்களும் இல்லை, எல்லா அதிகாரமும் அவர் ஒருவருக்கே. நல்ல பிள்ளைதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவர் தலையில் இன்னும் பல சங்கங்கள். எப்போதாவது பைக்கில் வருவார், ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைப்பார், நீட்டினதில் கையெழுத்துப் போடுவார், கிளம்பிவிடுவார். சேர்ந்துகொள்ளும் உரிமை அரசியல் சட்டத்தில் அப்படியே இருக்கிறதாம். நமக்குச் சேர்ந்து உட்கார்ந்து பேசத்தான் வழியில்லை.

உனக்கு அது பெரிய வருத்தமாக இருந்தது. இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று தேர்தலை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தாய். காய்ச்சல் என்று படுத்தவள், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றுகூட, தேதி போட்டுவிட்டார்களா என்று கேட்டாய். இல்லை என்றேன். அதுதான் நீ என்னிடம் கடைசியாகக் கேட்டது. வேறு ஏதாவது கேட்டிருக்கக் கூடாதா?

நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். சாயங்காலப் பாலை நிறுத்திவிட்டார்கள், மதினி. வரத்துக் குறைவு, வண்டிக் கூலிக்குக் கட்டுப்படியாகவில்லை என்று தனி அலுவலர் உத்தரவு போட்டார். வேண்டுமென்றால் நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கத்துச் சங்கத்தில் கொண்டுபோய் ஊற்றலாமாம். அந்தச் சாலையைத் தூக்கோடு கடந்து பார்க்கச் சொல், தெரியும். மறுபடி தனியார் வண்டி வந்து நிற்கிறது. நாம் முதன்முதலில் வாங்கியது போய்விட்டது. யாரையும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய இடத்தில் ஆளே இல்லையே.

அப்போதுதான் வருசாந்திரப் பேரவைக் கூட்டம் வந்தது. உறுப்பினர் எல்லாரும் கலந்துகொள்ளலாம். தேர்தலைச் சீக்கிரம் நடத்தச் சொல்லி அதில் ஒரு தீர்மானம் கொண்டுவருவது என்று முடிவு செய்தேன். தீர்மானம் போட்டால் நாளைக்கே தேர்தல் வந்துவிடும் என்று நினைக்கிற அளவுக்கு நான் பைத்தியம் இல்லை. ஆனால் இந்த ஊர் கேட்டது என்றாவது மேலே போய்ச் சேரட்டுமே.

சங்கத்து முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். வடையும் டீயும் கொடுத்தார்கள். வழக்கம்போல ஊக்கத்தொகை அறிவிப்பு வரும்வரை கூட்டம் இருந்தது, வந்ததும் பின்னால் பாதி கலைந்தது. பெண்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். உன் மருமகள் ஜெயந்தியும் வந்திருந்தாள். சங்கத்தில் உன் பங்கு இப்போது அவள் பேரில்தான் இருக்கிறது. ஓரமாக உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ போனதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. நானும் உன் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. உன் கட்டில் கிடக்கிற வீட்டுக்குள் எப்படிப் போவது?

நான் எழுந்து தீர்மானத்தைச் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. சொல்லி முடித்ததும் பழக்கத்தில் இடது பக்கம் திரும்பினேன்.

அங்கே யாரோ ஒருவருடைய மஞ்சப்பை இருந்தது.

ராமராஜ் குனிந்து எழுதிக்கொண்டே உரக்க வாசித்தான். "முன்மொழிந்தவர் ஆரோக்கியமேரி. வழிமொழிந்தவர் பாண்டியம்மாள்."

பந்தலில் பேச்சு அடங்கிவிட்டது. அவன் எழுதுகிற கை அப்படியே நின்றது. யாரும் சிரிக்கவில்லை. தனி அலுவலருக்கு ஒன்றும் புரியவில்லை, பாண்டியம்மாள் யார், கை தூக்குங்கள் என்றார். யாரோ அவர் காதில் சொன்னார்கள். ராமராஜ் என்னைப் பார்த்து, "தெரியாம வந்துருச்சுக்கா. கை தானா எழுதிருச்சு" என்றான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. பிறகு பேனாவை எடுத்து உன் பெயரை அடித்தான். நான் கிட்டத்தில்தான் நின்றேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது அழுதேன், ஊரோடு சேர்ந்து அழுதேன். உன் பேர் மேல் கோடு விழுந்ததை நான் ஒருத்திதான் பார்த்தேன்.

வேறு யாராவது வழிமொழிகிறீர்களா என்று அலுவலர் கேட்டார். மறுபடியும் கேட்டார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆம்பளைகளுக்குப் பந்தலில் காற்றாடி இல்லை, வானத்தைப் பார்த்தார்கள். அலுவலர் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். என் தீர்மானம் விழுந்துவிட்டது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இந்த ஊருக்காக இத்தனை வருசம் மல்லுக்கட்டினோமே, ஒரு கை தூக்க ஆளில்லையா என்று பொருமிக்கொண்டே வந்தேன். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் மேலத்தெருப் பெண் ஒருத்தி வழிமறித்தாள். அவளிடமும் எரிந்து விழுந்தேன். அவள் என்னைவிடக் கோபமாகப் பேசினாள்.

"எங்கள நீ ஒரு வார்த்தை கேட்டியா? என்ன தீர்மானம்னு முன்கூட்டிச் சொன்னியா? நீயும் பாண்டியம்மாவுமா எந்திரிப்பீக, நீங்களே பேசுவீக, நீங்களே கை தூக்குவீக. நாங்க எதுக்குன்னு உக்காந்துட்டோம்."

வீட்டுக்கு வந்து மாட்டைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்தேன். அவள் சொன்னதில் என்ன தப்பு? கூட்டத்துக்கு முன்னால் யாரிடமாவது போய், நான் இப்படிச் சொல்லப் போகிறேன், நீ வழிமொழி என்று கேட்டிருக்கலாம். எனக்குத் தெரியாமல் இல்லை. நாலு வீட்டு வாசல் வரை போகவும் செய்தேன். கேட்க வாய் வரவில்லை. வேறு ஒருத்தியைக் கேட்டால் நீ இல்லை என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால் கேட்காமலே போய் நின்றேன். டெல்லியைப் பார்த்துச் சிரித்தாயே மதினி, என்னைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாய்? வீடு வரைக்கும் ஏசியிருப்பாய்.

மறுநாள் தனி அலுவலர் போனில் பேசினார். நல்ல பிள்ளை என்று சொன்னேனில்லையா? வேண்டிய அளவு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் சிறப்புப் பேரவை கூட்ட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, எழுதிக் கொடுங்கள், கூட்டுகிறேன் என்றார். யாரிடம் முதலில் போவது என்று யோசித்தேன். யோசிக்க ஒன்றுமில்லை என்று எனக்கே தெரியும். போக வேண்டிய முதல் வாசல் உன்னுடையது.

பொழுது சாயும் நேரம், நீ என் வீட்டுக்கு வருகிற அதே நேரத்தில் நான் உன் வீட்டுக்குப் போனேன். ஜெயந்தி பால் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். ஒட்டன்சத்திரத்துப் பெண்ணாயிற்றே, மரியாதைக்குக் குறைவில்லை. வாங்க என்று உள்ளே கூப்பிட்டு, உன் கட்டிலிலேயே உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். உன் போர்வையை மடித்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறாள். தோய்க்கவில்லையோ என்னவோ, உன் வாசனை இருந்தது.

என்னோடு ஏன் பேசுவதில்லை என்று கேட்டுவிட்டேன். அவள் திகைத்துப்போனாள்.

"நீங்கதானுங்க சின்னம்மா, என்னயக் கண்டாத் தலையக் குனிஞ்சுட்டுப் போயிருவீங்க. அத்தை போனதுக்கப்புறம் உங்களுக்கு இந்த வீடே ஆகலையோன்னு இருந்தேனுங்க."

அப்புறம்தான் உட்கார்ந்தேன். நேரம் போனது தெரியாமல் பேசினோம். சாயங்காலப் பால் நின்றதில் அவளுக்குத்தான் அதிக நட்டம். விடியப் பூ எடுக்கப் போகிறவள், சாயங்காலம்தான் அவளுக்குத் தோது. அன்றைக்குக் கூட்டத்தில் ஏன் பேசாமல் இருந்தாய் என்றேன். அவளுக்குக் கை தூக்கத்தான் இருந்ததாம். ஆனால் உன் பேரை வாசித்து அடித்த அடுத்த நிமிசம் அந்த இடத்தில் தன் பேரை எப்படிச் சொல்வது என்று அடக்கிக்கொண்டாளாம். எனக்கு என்ன இருந்ததோ அதேதான் அவளுக்கும் இருந்திருக்கிறது. ஒரே பந்தலில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து இருவரும் உனக்காகவே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

நீ கூட்டத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் வீட்டில் ஒன்று சொல்வாயாமே. அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "இன்னைக்கு மேரி என்னத்தக் கொண்டாரப் போறாளோ தெரியல. எதுவா இருந்தாலும் கைய நான் தூக்கிருவேன்." இதைச் சொல்லும்போது அவள் உன்னைப் போலவே கழுத்தைச் சாய்த்தாள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள். மாடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் கேட்டேன். சிறப்புக் கூட்டம் வரப் போகிறது, நான் முன்மொழிந்தால் நீ வழிமொழிவாயா என்று. அவள் பால் தூக்கை மூடி வைத்தாள்.

"நான் முன்மொழியறனுங்க சின்னம்மா. எனக்குச் சொல்றதுக்கு இருக்குதுங்க. நீங்க வழிமொழியுங்க."

நான் முழித்தேன். அவள் கொஞ்சம் சிரித்தாள். "நீங்க ஒருக்காக்கூட யாருக்கும் வழிமொழிஞ்சதில்லைன்னு அத்தை சொல்லுவாங்க."

உண்மைதான். இத்தனை வருசத்தில் நான் ஒரு தடவைகூட அடுத்தவர் சொன்னதற்குக் கை தூக்கியதில்லை. நீ ஏதாவது முன்மொழிய ஆசைப்பட்டிருப்பாயா, மதினி? உன் மனசில் ஒரு தீர்மானம் இருந்து, என் வாய் ஓயட்டும் என்று காத்திருந்தாயா? இதை உன்னிடம் கேட்கவே எனக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்புறம் நாங்கள் இருவரும் வீடு வீடாகப் போனோம். என்ன கேட்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொன்னோம், அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்றும் கேட்டோம். மேலத்தெருக்காரி கையெழுத்துப் போட்டுவிட்டு, இப்பத்தான் வழி தெரிந்ததா என்று ஒரு இடி இடித்தாள். வாங்கிக்கொண்டேன். தேர்தல் வந்தால் பெண்கள் இடத்துக்குத் தானே நிற்கப் போவதாக ஜெயந்தி சொல்கிறாள். புத்தகம் வீட்டுக்கு வரக் காத்திருக்கிற ஆள் இல்லை அவள். உன் மகன் முழிக்கிற முழியைப் பார்க்க நீ இல்லையே என்றிருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டம். சர்ச்சில் பூசை முடிந்து நேராகப் போகிறேன். ஜெயந்தி எனக்கு வலது பக்கம் உட்காரட்டும். இடது பக்கம் யார் உட்கார்ந்தாலும் அது எனக்குக் காலிதான். அதற்கு எந்தப் பேரவையும் ஒன்றும் செய்ய முடியாது. மாடத்தில் மெழுகுவர்த்தி அப்படியே இருக்கிறது. சாயங்காலம் வரும், நீ வர மாட்டாய். இதெல்லாம் மாறப் போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்தப் பிள்ளை எழுந்து நிற்கும்போது அதன் குரல் நடுங்கும். முதல் தடவை எல்லாருக்கும் நடுங்கும். சொல்லி முடித்ததும் ராமராஜ் தலையை நிமிர்த்தி வழிமொழிகிறவர் யார் என்று கேட்பான், பந்தலில் எல்லாரும் வானத்தைப் பார்ப்பார்கள். அவன் கேட்டு முடிப்பதற்குள் என் கை மேலே இருக்கும். அவள் சொன்னது எனக்குப் பிடிக்காவிட்டாலும் இருக்கும். பிடிக்காததை வெளியே வந்து, வீடு வரைக்கும் ஏசிக்கொள்கிறேன்.

இனி உன் வேலையைப் பார்க்கப் போகிற உன் நாத்தனார்,
ஆரோக்கியமேரி